சகலையும் சர்ஃபாக்டன்டும்

பஸ்ஸிலிருந்து இறங்கி நிறுவனத்தின் கேட்டுக்குள் காதுக்காரர் கால் வைத்ததும், வாட்ச்மேன் விருட்டென்று எழுந்து சல்யூட் அடித்தார்.

காதுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷ உழைப்பை ஒருத்தராவது மதித்தாரே! பதிலுக்குக் கையைத் தூக்கினார். பாதி தூக்கிய பிறகுதான் தெரிந்தது, சல்யூட் தனக்கில்லை, பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்ற வெள்ளைக் காருக்கு. தூக்கிய கையை என்ன செய்வது? தலையைச் சொறிந்துகொண்டார்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"அண்ணே! ஒரு போன் அடிச்சிருந்தா வீட்டுக்கே வந்து ஏத்திட்டு வந்திருப்பேனே!"

"நடந்தா உடம்புக்கு நல்லதாம் தம்பி."

"அதுவும் கரெக்டுதாண்ணே. உங்க வயசுக்கு நடக்கணும்."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது. 'உங்க வயசு' மட்டும் அங்கேயே நின்றது. இருவருக்கும் வித்தியாசம் இரண்டே வயது.

காருக்குள் இருந்தவர் காதுக்காரரின் சகலை. மனைவியின் தங்கை புருஷன். அவர் வேலை தேடி அலைந்தபோது, "நம்ம பையன்தான், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று இயக்குநரின் அறை வாசலில் நின்று சிபாரிசு செய்தவர் காதுக்காரரேதான். இயக்குநர் சொன்ன சொல் தவறாதவர். நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

காதுக்காரர் என்ற பெயரை வைத்து ஆளைத் தப்பாக நினைக்க வேண்டாம். அவர் யார் காதையும் கடித்ததில்லை. தோல் வழியாக மருந்தை உடம்புக்குள் அனுப்புவது எப்படி என்று ஆராய்வதற்காகவே கட்டப்பட்ட நிறுவனம் அது. ஆராய்ச்சிக்குத் தோல் வேண்டும். மனிதர்கள் அவ்வளவு சுலபத்தில் தோலை உரித்துத் தரமாட்டார்கள். ஆகவே கசாப்புக் கடையிலிருந்து பன்றிக் காதுகளை வாங்கி வந்து, தோலை உரித்து, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவில் இறுக்கி, மேலே களிம்பைத் தடவி, கீழே எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று அளந்து பார்ப்பார். பன்றிக் காது ஏறக்குறைய மனிதத் தோலைப் போலவே நடந்துகொள்ளும் என்பது விஞ்ஞானம். அந்த நிறுவனத்தில் தலை நரைத்த காதுக்காரருக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

அந்தக் காதுகளில்தான் அவர் ஒரு காரியத்தைச் சாதித்திருந்தார்.

மூட்டு வலிக்கு ஒரு மருந்து. விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும். மேலே தடவினால் தோல் உள்ளே விடாது. தோலின் மேல்தட்டில் செத்துப்போன செல்கள் செங்கல் அடுக்கியதுபோல அடுக்கியிருக்கும். நடுவில் சாந்து பூசியதுபோலக் கொழுப்பு. யார் வந்து தட்டினாலும் "இன்று போய் நாளை வா" என்கிற ரகம். அந்தக் கொழுப்பைக் கொஞ்சம் இளக்கிவிட, களிம்பில் ஒரே ஒரு சிட்டிகை சர்ஃபாக்டன்ட் கலந்தார் காதுக்காரர். மருந்து ஜம்மென்று உள்ளே இறங்கிவிட்டது!

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை மனைவிக்கு விளக்கினார்.

"சர்ஃபாக்டன்ட்னா சோப்பு, ஷாம்பூவுக்கெல்லாம் சொந்தக்காரன். அதுக்குத் தலை ஒண்ணு, வால் ஒண்ணு. தலைக்குத் தண்ணியைக் கண்டா ஆசை. வாலுக்கு எண்ணெயைக் கண்டா ஆசை. தண்ணிகிட்ட தண்ணி மாதிரி பேசும், எண்ணெய்கிட்ட எண்ணெய் மாதிரி பேசும். ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு, நடுவுல வழி பண்ணிடும்."

"அப்போ என் தங்கச்சி வீட்டுக்காரர் மாதிரின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு இவ்வளவு விஞ்ஞானம்?"

காதுக்காரர் சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் அவருடைய ஆராய்ச்சியை இவ்வளவு துல்லியமாக யாரும் புரிந்துகொண்டதில்லை.

"அந்தத் துறைத் தலைவர் சீட் காலியா இருக்குன்னீங்களே, அது இனிமே உங்களுக்குத்தானே?"

"அப்படித்தான் பேச்சு. நிறுவனத்துக்குப் பணம் குடுக்கிற அறக்கட்டளையோட தலைவர் வர்றாராம். அவர் முன்னால எந்தக் களிம்பு ஜெயிக்குதோ, அந்தக் களிம்புக்காரருக்குத்தான் நாற்காலின்னு இயக்குநரே சொல்லிட்டார்."

"அந்த ரூமுக்கு ஜன்னல் உண்டா?"

"உண்டு."

"எத்தனை?"

"மூணு."

மனைவியின் முகத்தில் ஒரு சுடர் எரிந்தது. தங்கை வீட்டுக்காரரின் அறைக்கு இரண்டுதான்.

ஆனால் நிறுவனத்துக்கென்று சில மரபுகள் இருந்தன. அவற்றில் முக்கியமானது: வேலையைச் செய்தவர் அதைப் பற்றிப் பேசக் கூடாது. செய்தவரே பேசினால் தற்பெருமை. செய்யாதவர் பேசினால் நடுநிலைமை. நடுநிலைமைக்காகவே சம்பளம் கொடுத்து ஓர் ஒருங்கிணைப்பு அதிகாரி வைக்கப்பட்டிருந்தார்.

அவர்தான் சகலை.

களிம்புக்கு ஒப்புதல் தரக் கூட்டம் கூடியது. சகலை எழுந்தார். கழுத்துப்பட்டையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"நண்பர்களே! ஒரு கோட்டை. பூட்டிய கதவு. வெளியே தவிக்கும் மருந்து. அப்போது வருகிறான் நம் கதாநாயகன்! யார் அவன்?" நிறுத்தினார். கையை உயர்த்தினார். "சர்ஃபாக்டன்ட்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. காதுக்காரரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் பொறாமை என்பார்கள். பொறாமையாகத்தான் இருந்தது. அதனாலேயே பலமாகத் தட்டினார். இந்த ஆறு மாத வேலையை அவர் வீட்டில் சொன்னபோது பன்றி நாற்றம் அடித்தது. சகலை சொல்லும்போது சினிமா மாதிரி இருக்கிறதே, எப்படி?

ஒரு சிட்டிகை என்ற சங்கதியை மட்டும் சகலை சொல்லவில்லை. கதாநாயகனைப் போய்ச் சிட்டிகைக் கணக்கில் சொல்வதா?

அடுத்து இரண்டாவது மரபு. எந்தப் பிரிவும் தான் எதுவும் சேர்க்காத ஒன்றுக்கு ஒப்புதல் தராது. சும்மா ஒப்புதல் தந்தால் அந்தப் பிரிவு எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால்?

தூய்மைப் பிரிவின் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நல்ல களிம்பு. எங்க பங்குக்கு என்ன சேர்க்கலாம்?"

"கதாநாயகனையே சேருங்க மேடம்" என்றார் சகலை.

ஒரு ஸ்பூன் சர்ஃபாக்டன்ட் விழுந்தது.

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் அதைப் பார்த்தார். "ஓ, தூய்மைக்கு ஒரு ஸ்பூன்னா, பாதுகாப்பு என்ன அதைவிடக் கேவலமா? பாதுகாப்புல நாங்க சமரசமே பண்ணிக்க மாட்டோம். கரண்டி கொண்டு வாங்க!"

கரண்டி வந்தது.

கொள்முதல் பிரிவுக்காரர் இருமினார். "நாங்க இல்லாம இந்த சர்ஃபாக்டன்டே இந்தக் கட்டடத்துக்குள்ள வந்திருக்காது. வாங்கிக் குடுத்தவனுக்குக் கரண்டிக்குக் கீழன்னா, எங்க ஸ்டாஃப் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

ஒரு டம்ளர்.

சட்டப் பிரிவுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். டம்ளர் சத்தத்தில் விழித்தார். "சட்டப் பிரிவுன்னா வெறுங்கையோடவா போவோம்? கொள்முதலைவிட ஒரு விரல்கடை கூடுதலா ஊத்துங்க. அதிகமா வேண்டாம். எங்களுக்குப் பேராசை கிடையாது. அவங்களைவிடக் கூட இருந்தாப் போதும்."

காதுக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"சார்... ஒரு சிட்டிகைக்கு மேல போனா..."

இயக்குநர் கையை உயர்த்தினார். "நீங்க உக்காருங்க. செஞ்சவர் பேசினா மரபு என்னாகுறது? ஒரு சிட்டிகையே இவ்வளவு பண்ணியிருக்குன்னா, ஒரு டம்ளர் எவ்வளவு பண்ணும்! உங்களுக்குத் தொலைநோக்கு பத்தலை. எப்பப் பாத்தாலும் காதையே பாத்துக்கிட்டு இருந்தா அப்படித்தான் ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். சகலை சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்கிற அந்த முகம் சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் தோட்டப் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் இயக்குநர் அறைக்குள் ஆவேசமாக நுழைந்தார். "எங்களை மட்டும் ஒதுக்கி வைப்பீங்களா? தோல் இல்லாத செடி எது சார்?" இயக்குநர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்துக்கு ஒரு செம்பு அனுமதிக்கப்பட்டது. கணக்குப் பிரிவு கேட்டது. கட்டடப் பிரிவு கேட்டது. ஓட்டுநர்கள் வேலை நிறுத்தம் செய்யப்போவதாக வதந்தி வந்தவுடன், கேட்காமலேயே அவர்களுக்கும் ஊற்றப்பட்டது. களிம்பு சின்னச் சீசாவிலிருந்து ஜாடிக்கு மாறியது. ஜாடியிலிருந்து டிரம்முக்கு.

கடைசியாக இயக்குநர் வந்தார். தன் நிலைக்கு எது பொருத்தம் என்று யோசித்தார். எதிர்த்தெருவில் இதே வேலையைச் செய்யும் இன்னொரு நிறுவனம் இருந்தது. அதன் வாசலில் ஒரு நீரூற்று வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து இயக்குநருக்குச் சரியாகத் தூக்கம் கிடையாது.

"வாளி" என்றார் இயக்குநர்.

மருந்து மட்டும் பழைய அளவுதான். மருந்தைக் கூட்டச் சொல்லி எந்தப் பிரிவும் கேட்கவில்லை.

காதுக்காரர் டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு காதில் தடவிப் பார்த்தார். காலையில் பார்த்தார். மத்தியானம் பார்த்தார். கீழ்க் கிண்ணத்தில் மருந்து பொட்டுகூட இறங்கவில்லை. அவர் பயந்தது அப்படியே நடந்திருந்தது.

சர்ஃபாக்டன்டில் அதுதான் விஷயம். அளவோடு இருக்கும்வரை வழிகாட்டி. அளவு மீறினால் எல்லாம் ஒன்றுகூடிவிடும். வாலை உள்ளே சுருட்டிக்கொண்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு, உருண்டை உருண்டையாகக் கமிட்டி போட்டுவிடும். அப்பாவி மருந்து கமிட்டிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். தோல் வாசல்வரை ஊர்வலமாகப் போகும். உள்ளே மட்டும் போகாது. அதோடு நிற்குமா? தோலையும் காயவைத்து அரிப்பு எடுக்க வைத்துவிடும்.

சகலையிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினார். என்ன இருந்தாலும் வீட்டு மனுஷன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட வேண்டாம். சகலைதான் டிரம்மோடு மேடையில் நிற்கப்போகிறவர்.

போகிற வழியில் துறைத் தலைவரின் காலி அறை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். காதுக்காரர் எட்டிப் பார்த்தார்.

உயரமான முதுகு வைத்த அந்தச் சுழல் நாற்காலியில் சகலை உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் உந்தி, ஒரு சுற்று சுற்றினார். காதில் போன்.

"ஆமாம்மா, மூணு ஜன்னல். திரைச்சீலைக்கு அளவு எடுத்துக்கோ... நீலமா? அக்கா வீட்டுல நீலம் இருக்கே... அதைவிட நல்ல நீலமா எடு."

காதுக்காரரின் நெஞ்சில் ஏதோ ஒன்று டிரம்மைப் போலத் தளும்பியது. சுற்றி வந்த நாற்காலி அவருக்கு எதிரே வந்து நின்றது.

"அண்ணே! வாங்க வாங்க. சும்மா, ஸ்பிரிங் சரியா இருக்கான்னு பார்த்தேன்." சகலை செருப்பைத் தேடினார். பிறகு காதுக்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னண்ணே, களிம்பு எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அதோ, வாய்ப்பு. ஒரு வாக்கியம் போதும்.

"சரின்னா சரி, அப்படி ஒரு சரி தம்பி" என்றார் காதுக்காரர். "ஜம்முனு இருக்கு."

திரும்பி நடந்தபோது மனசுக்குள் கணக்குப் போட்டார். சகலை டிரம்மோடு கவிழ்ந்தால், களிம்பும் கவிழும். தன் ஆறு மாதமும் கவிழும். கவிழட்டும்! மூன்று ஜன்னல் தனக்கில்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த நீலத் திரைச்சீலை மட்டும் தொங்கக் கூடாது.

அறக்கட்டளைத் தலைவர் வந்தார். பெரிய உடம்பு, பெரிய முழங்கால், அதில் பெரிய வலி. மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காலை ஒரு முக்காலியில் ஏற்றி வைத்தார்கள். பக்கத்தில் டிரம். டிரம்முக்கு மாலை.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த நிறுவனத்தில் இதுவரை ஒரு மருந்துகூடத் தோல்வி அடைந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எதிர்த்தெருக்காரர்களால் இப்படிச் சொல்ல முடியுமா? முடியாது. ஏனென்றால் அவர்கள் அவசரப்பட்டு மருந்துகளை வெளியே விட்டுவிடுகிறார்கள். வெளியே விட்டால் நோயாளி பயன்படுத்துவான். பயன்படுத்தினால் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். நாங்கள் அந்தத் தவறைச் செய்ததே இல்லை!"

பலத்த கைதட்டல்.

சகலை ஒரு கை நிறையக் களிம்பை அள்ளி, தலைவரின் முழங்காலில் அப்பினார்.

"நல்லாத் தேய்ங்க" என்றார் இயக்குநர். "தண்ணி தொட்டுத் தேய்ங்க."

சகலை தேய்த்தார்.

முதலில் ஒரு குமிழ். அப்புறம் நாலைந்து. அப்புறம் முழங்காலைக் காணோம். வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி எழுந்து, முக்காலியை மூடி, தலைவரின் மடியில் ஏறியது. பதறிப்போன சகலை அதை வழித்துத் தள்ளினார். வழிக்க வழிக்கப் பெருகியது. பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் ஓடிவந்து வழுக்கி டிரம்மில் மோதினார். டிரம் சாய்ந்தது. யாரோ தண்ணீர் ஊற்றினால் அடங்கும் என்று நினைத்து ஒரு குடம் ஊற்றினார்கள்.

அடங்கவில்லை.

"யாருடைய வேலை இது?" இயக்குநரின் குரல் நுரைக்குள்ளிருந்து கேட்டது.

"ஃபார்முலா அண்ணனோடது சார்!" சகலையின் குரல் பிசிறடித்தது. "நான் வெறும் பேச்சாளர்தான். எனக்கும் களிம்புக்கும் சம்பந்தமே இல்லை!"

"திட்டம் தம்பியோடது சார்!" காதுக்காரரும் விடவில்லை. "நான் காதோட சரி. களிம்பை நான் கண்ணால பார்த்தே ரொம்ப நாளாச்சு!"

தலைவர் துண்டால் முழங்காலைத் துடைத்தார். குனிந்து பார்த்தார்.

"வலி அப்படியேதான் இருக்கு" என்றார் தலைவர். இயக்குநரின் முகம் செத்தது. "ஆனா, என்னோட முட்டியை இவ்வளவு பளிச்சுனு நான் என் கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான்யா பார்க்கிறேன்! அந்த எதிர்த்தெருவுல என்னமோ நீரூற்று வச்சிருக்கானுங்களே, அதுல இவ்வளவு நுரை வருமா?"

"வராது சார்!" இயக்குநர் உயிர்த்தெழுந்தார். "எப்படி வரும்? இதுதான் சார் முதல் கட்டம். முதல்ல தோலைச் சுத்தம் பண்றோம். மருந்தெல்லாம் அடுத்தடுத்த கட்டத்துல, அடுத்தடுத்த தலைமுறைக்கு!"

"அபாரம். இதைச் செஞ்சது யாரு?"

"நான்தான் சார்!" என்றார் சகலை.

"ஃபார்முலாவே என்னோடதுதான் சார்!" என்றார் காதுக்காரர்.

இயக்குநர் இருவரையும் வருத்தத்தோடு பார்த்தார். "இப்பத்தானே ரெண்டு பேரும் சம்பந்தமே இல்லன்னீங்க? சபை நடுவுல சொன்ன வார்த்தை. அதை மதிக்கிறதுதான் இந்த நிறுவனத்தோட பண்பாடு." மைக்கைத் துடைத்துக்கொண்டார். "அனாதையாக நிற்கும் இந்தக் கண்டுபிடிப்பை நானே தத்தெடுத்துக்கொள்கிறேன். துறைத் தலைவர் பதவியையும் கூடுதல் சுமையாக நானே தாங்கிக்கொள்கிறேன். வேறு வழியில்லை."

தலைவர் கண் கலங்கினார். நுரை பட்டிருக்கலாம்.

கூட்டம் கலைந்தது. சம்பந்தமே இல்லாத இருவருக்கும் அப்போது கைவசம் வேறு வேலை இல்லை என்பதால், அரங்கைத் துடைக்கும் பொறுப்பு தரப்பட்டது. ஆளுக்கொரு துடைப்பான். சகலை பாண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். கழுத்துப்பட்டையிலிருந்து சொட்டியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எதிரெதிர் சுவரிலிருந்து நுரையைத் தள்ளிக்கொண்டே வந்து, நடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே."

"ம்."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

காதுக்காரர் துடைப்பானைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார்.

"தெரியும் தம்பி."

திட்டுவான் என்று எதிர்பார்த்தார். குடும்பத்தை இழுப்பான், கார்ச் சாவியை ஆட்டுவான் என்று எதிர்பார்த்தார். சகலை ஒன்றும் செய்யவில்லை. சாய்ந்து கிடந்த டிரம்மின்மேல் உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியும்ணே."

"என்னது?"

"நானும் இதே படிப்புதானே படிச்சேன். அந்த அம்மா ஸ்பூனைத் தூக்கறப்பவே தெரியும், இது விளங்காதுன்னு."

"அப்புறம் ஏன்டா சொல்லல?" காதுக்காரருக்கு முதல் தடவையாக 'டா' வந்துவிட்டது.

சகலை துடைப்பான் கட்டையை நகத்தால் சுரண்டினார்.

"எப்படிண்ணே சொல்றது? அளவு முக்கியம்னு நான் சொன்னா, அளவைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேப்பாங்க. அண்ணன்னு சொல்லணும். சபையில என் வாயால உங்களைப் பெரிய ஆளுன்னு சொல்லணும்." குரல் இறங்கியது. "என்னால முடியலண்ணே. நான் பேசறேன், ஊரே கைதட்டுது. வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கேக்கறா, 'அத்தான் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சாராமே, நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?'ன்னு. தினம் கேக்கறா. கார்ல கூட்டிட்டுப் போனாலும் கேக்கறா. நான் ஒரு எறும்பைக்கூடக் கண்டுபிடிச்சதில்லண்ணே. எத்தனை நாள் உங்களைப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

காலடியில் குமிழ்கள் பட் பட்டென்று உடைந்துகொண்டிருந்தன.

"என்னைப் பார்த்தா?"

"உங்களைப் பார்த்துத்தான்."

"நெஜமாவா?"

"சத்தியமாண்ணே."

காதுக்காரர் அவரை எழுப்பிவிட்டார். "நீ வீட்டுக்குப் போ தம்பி. சளி பிடிச்சுக்கும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த அரங்கு முழுவதையும் அவர் தனியாகவே துடைத்தார். இடுப்பு வலி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"கிடைச்சுதா?"

"இல்ல."

அவள் முகம் விழுந்தது. "அவருக்கா?"

"அவருக்கும் இல்ல."

முகம் பாதி எழுந்தது. "பின்ன எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டிட்டு வர்றீங்க? சட்டையெல்லாம் வேற நனைஞ்சு கிடக்கு."

காதுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"உன் தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்மேல பொறாமையாம். ரொம்ப நாளாவாம். வாயைத் திறந்து அவரே சொன்னார். உன் தங்கச்சியும் தினமும் என்னைப் பத்தித்தான் பேசறாளாம்."

உள்ளே போன் அடித்தது. திரையில் தங்கையின் பெயர். மனைவி எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவி வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, புருஷனுக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். "அவசரப்படாம. சொல்றப்போ அவர் முகம் எப்படி இருந்துச்சு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க."